இரண்டேகால் கட்டி மிளகாய்

அன்புள்ள அக்கா,

ஏழெட்டு வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அப்பா இந்த ஆண்டு பிப்ரவரியில் 89 வயதில் காலமானார். 1952இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர். பத்து வருடம் வேறொருவர் கடையில் எடுபிடியாக இருந்தார். 1962இல் லெபோ பாசார் பக்கம் சொந்தமாக மளிகைக்கடை வைத்தார். 2000இல் வியாபாரம் நொடித்துப்போய் ஆயர் ஈத்தாமுக்கு மாறினோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அடைத்த கடையை அப்புறம் அவரால் திறக்க முடியவில்லை.

அப்பா படிக்காதவர். ஆனால் அசுர உழைப்பாளி. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கடைப்பலகையைப் போடுவார். 84 வயதில் "இனிமேல் போக வேண்டாம்பா" என்று சொன்னதற்கு என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. எங்கள் மூன்று பேரையும் படிக்கவைக்கத் தன் வாழ்க்கையையே தியாகம் செய்தார். நான் கோலாலம்பூரில் கணக்காய்வாளராக இருக்கிறேன். கடைசிக் காலத்தில் அவரோடு கூட இருக்கவில்லையே என்று மனது குத்துகிறது.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு நினைவுமலர் போட நினைக்கிறோம். தமிழிலா ஆங்கிலத்திலா என்று வீட்டில் வாக்குவாதம். பேரப்பிள்ளைகள் யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. இன்னொரு விஷயம். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியில் '555' என்ற சின்னக் குறிப்பு நோட்டுகள் 61 கிடைத்தன. எல்லாம் கடன் கணக்கு. பாதிக்கு மேல் புரியவில்லை. 'உவ', 'கவ', 'அவ' என்று அர்த்தமில்லாத எழுத்துகள். எழுத்துக்கூட்டத் தெரியாமல் எழுதியிருக்கிறார் போல. 1970ஆம் வருட நோட்டில் பல பக்கங்களில் குறுக்கே கோடு போட்டு 'ஊர்' என்று எழுதியிருக்கிறது. அண்ணன் எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்கிறார். அப்பாவிடம் 31 வருடம் வேலை செய்தவர் ஒருவர் பதினாறாம் நாள் காரியத்துக்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்தார். அவர் எரிக்க வேண்டாம் என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இரண்டு பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கு என் அஞ்சலி. நல்ல சாவு, நிறைந்த வயது என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். 89 வயதுக்காரரின் நாற்காலியும் காலியாகத்தான் கிடக்கும்.

மொழிச் சண்டையை இன்றோடு விடுங்கள். ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம், அவ்வளவுதான். கூட இருக்கவில்லையே என்ற உறுத்தல் கூடவே இருந்த பிள்ளைக்கும் உண்டு. அதை நான் ஆற்ற முடியாது, வருடங்கள்தான் ஆற்றும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. 'அப்பா படிக்காதவர்.' வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்தேன். மேலிருந்து மூன்றாவது வரியில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 'மிளகாய் உவ.'

அது 'உவ' இல்லை தம்பி. இரண்டேகால். இரண்டேகால் கட்டி மிளகாய். கட்டி என்பது கிலோவுக்கு முன்னால் இங்கே இருந்த எடை.

தமிழ் எண்களில் ஒன்று க மாதிரி இருக்கும், இரண்டு உ மாதிரி, எட்டு அ மாதிரி. கால் என்பதற்கு வ. ஒருவன் ஔவையை வம்புக்கு இழுத்தபோது அவள் 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்கித் திருப்பித் திட்டினாள் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அந்தப் பாட்டின் சூட்சுமம் இதுதான். எட்டு அ, கால் வ, சேர்த்தால் அவ. அவலட்சணமே என்று திட்டுகிறாள். உங்கள் அப்பாவின் நோட்டில் இருக்கும் 'அவ' எட்டேகால், 'கவ' ஒன்றேகால். எழுத்துக்கூட்டத் தெரியாதவர் எழுதியதா இது? நம் பள்ளிக்கூடங்கள் கைவிட்டுவிட்ட ஒரு கணக்கு முறையை, பினாங்குக் கடைத்தெருவில் உட்கார்ந்து, சிகரெட் பெட்டி அளவு நோட்டில், ஒவ்வொரு நாளும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். நீங்கள் கணக்காய்வாளர். உங்கள் அப்பாவும் அந்த வேலையைத்தான் செய்தார். அவருடைய பேரேட்டை உங்களால் வாசிக்க முடியவில்லை. அப்படியிருக்க, படிக்காதவர் என்ற சொல்லை அவர் தலையில் எப்படி வைத்தீர்கள்?

கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை எழுதியவர் எண்சுவடி, அதாவது பழைய தமிழ் வாய்ப்பாடு, படித்தவர். ஊரில் திண்ணையிலோ, சின்னப் பள்ளிக்கூடத்திலோ, மணலில் விரலால் எழுதியோ, எப்படியோ மனப்பாடம் செய்திருக்கிறார். கால், அரை, முக்கால் மட்டும் இல்லை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. வீசம் என்றால் பதினாறில் ஒன்று, அதையே மாகாணி என்றும் சொல்வார்கள். மூன்று வீசம் பதினாறில் மூன்று. அப்போது ரூபாய்க்குப் பதினாறு அணா. அதனால் வீசக் கணக்குத் தெரிந்த பையனுக்கு அணாக் கணக்கு தானாக வரும்.

அந்தப் பையன் 17 வயதில் இங்கே வந்து இறங்குகிறான். இங்கே எடை கட்டி. ஒரு கட்டிக்கு எத்தனை தாஹில்? 16. யோசித்துப் பாருங்கள். அவன் வாயில் ஏற்கெனவே ஏறியிருந்த வாய்ப்பாட்டுக்கென்றே செய்துவைத்த மாதிரி ஓர் எடை. ஒரு தாஹில் என்பது ஒரு வீசம் கட்டி. கட்டி 2 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு விற்கும் மிளகாயில் ஏழு தாஹில் வேண்டும் என்று ஓர் அம்மாள் கேட்கிறாள் என்று வையுங்கள். நீங்களும் நானும் கால்குலேட்டரை எடுப்போம். அவர் ஏழைக் காலாகவும் மூன்று வீசமாகவும் பிரிப்பார். கால் கட்டிக்கு 60 காசு, மூன்று வீசத்துக்கு 45 காசு, ஆக 1 வெள்ளி 5 காசு. காகிதத்தைச் சுருட்டி முடிப்பதற்குள் விலை வாயில் வந்துவிடும். வரிசையில் அடுத்தவர் சீனராக இருந்தால் ஹொக்கியனில் விலை சொல்வார், மலாய்க்காரராக இருந்தால் மலாயில் சொல்வார். மனதுக்குள் கணக்கு ஓடுவது மட்டும் தமிழில்தான்.

பிறகு 1972இல் எடை அளவைச் சட்டம் வந்தது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கட்டி போய்க் கிலோ வந்தது. ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம். பதினாறும் இல்லை, எட்டும் இல்லை, நாலும் இல்லை. 2.40க்கு விற்ற மிளகாய் கிலோ 3 வெள்ளி 97 காசு ஆகும். 4 வெள்ளி என்று பலகையில் எழுதினால் விலையை ஏற்றிவிட்டான் என்று கிழவிகள் சண்டைக்கு வருவார்கள். தராசில் கிலோ, கிழவியின் வாயில் கட்டி, நோட்டில் வீசம். மூன்றையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதர் தன் கணக்கையே அடியிலிருந்து மாற்றிப் படித்திருக்கிறார். உங்கள் துறையில் விதிமுறை மாறினால் உங்களுக்கு ஓட்டலில் வைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்கள். அவருக்கு யார் கொடுத்தார்கள்?

'எடுபிடி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லும் வேண்டாம். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் இதற்கு ஒரு படிக்கட்டே இருந்தது. முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதவும், காசை முகர்ந்து பார்க்கவும், ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கவும் பழகுவார்கள். மளிகைக்கடைகளிலும் நம் ஆட்கள் அப்படித்தான் பையன்களை வைத்துப் பழக்கினார்கள். உங்கள் அப்பா பத்து வருடம் அதைப் படித்துவிட்டுத்தான் 1962இல் தன் கடையைத் திறந்தார். நீங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை வருடம் படித்தீர்கள் தம்பி?

சரி, 1970 நோட்டுக்கு வருகிறேன். 'ஊர்' என்று எழுதிக் கோடு போட்ட பக்கங்கள். அதற்குப் பக்கத்தில் பெயர்களும் தொகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதி இறுகியது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களின் கதி அப்போது என்ன என்று உங்கள் வீட்டில் பேசியிருக்கமாட்டார்கள். தோட்டங்களிலும் பட்டணத்திலும் எத்தனையோ பேர், இருபது முப்பது வருடம் இங்கே உழைத்தவர்கள், சீட்டு கிடைக்காமலும் அலைய முடியாமலும் கப்பலேறிப் போனார்கள். போனவர்கள் பலருக்கும் கடையில் பாக்கி இருந்தது. உங்கள் அப்பா அந்தப் பக்கத்தில் கோடு போட்டு 'ஊர்' என்று எழுதினார். உங்கள் பாஷையில் அது வாராக்கடன். ஆனால் அவர் 'வராது' என்று எழுதவில்லை, 'ஏமாற்றினான்' என்றும் எழுதவில்லை. அந்த ஆள் எங்கே போனான் என்பதை எழுதினார். அப்போது அவருக்கு 35 வயது, கடை திறந்து எட்டு வருடம். அந்தக் கோடுகளின் கூட்டுத்தொகையைப் போட்டுப் பாருங்கள். ஒரு கடையைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கவிழாமல் எப்படி நடத்தினார் என்பதற்கும் பதில் அடுத்த வருட நோட்டில் இருக்கும். உங்கள் கண்ணால் வாசிக்கக்கூடிய பதில் அது, நீங்கள் கணக்காய்வாளர்.

இன்னொரு இடத்திலும் உங்களைத் திருத்த வேண்டும். '2000இல் வியாபாரம் நொடித்துப்போய்' என்று எழுதியிருக்கிறீர்கள். வியாபாரம் நொடிக்கவில்லை தம்பி. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் ஒரு சட்டம் காத்துக்கொண்டிருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1966. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் நம்மவர் கடைகள் நின்றதே அந்தச் சட்டத்தின் மேல்தான். 1997இல் அதை ரத்து செய்தார்கள். 1999 டிசம்பர் 31 வரை தவணை. 2000 பிறந்ததும் வீட்டுக்காரர்கள் கேட்ட வாடகை நாலு மடங்கு, ஐந்து மடங்கு. லெபோ பாசார், லெபோ குவீன், லெபோ கிங், எங்கே பார்த்தாலும் அந்த ஜனவரியில் லோரிகள் நின்றன. தையற்காரர், கண்ணாடிக்கடைக்காரர், பாய் பின்னுகிறவர், பூக்கட்டுகிறவர் என்று எத்தனை பேர் சாமானை ஏற்றினார்கள். எட்டு வருடம் கழித்து, 2008 ஜூலையில், அதே தெருக்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. பாரம்பரியத்தை நடத்திக்கொண்டிருந்தவர்கள் அதற்குள் ஆயர் ஈத்தாமிலும் பாயான் பாருவிலும் இருந்தார்கள். உங்கள் அப்பா 65 வயதில் புது இடத்தில், புது வாடிக்கையாளர்களோடு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி இருபது வருடம் நடத்தியிருக்கிறார். 2015இல் ஜிஎஸ்டி வந்தபோது சின்னக் கடைக்காரர் சரக்கு வாங்கும் இடத்தில் 6 விழுக்காடு கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வழியில்லாமல் நின்றார்களே, அதையும் அவர் தாண்டியிருக்கிறார், 80 வயதில். நினைவுமலரில் 'நொடித்து' என்ற சொல் வரக்கூடாது. இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

என் அப்பா டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் மசாலை மில் வைத்திருந்தார். மாவு மில் என்றும் சொல்வார்கள். வீட்டிலிருந்து மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு, மஞ்சள் எல்லாவற்றையும் காயவைத்து, வறுத்து, பிஸ்கட் தகரத்தில் போட்டுக் கொண்டுவருவார்கள். அப்பா அரைத்துக் கொடுப்பார். பதினோரு வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான் பெட்டியில் உட்காருவேன். உத்தரத்திலிருந்து கப்பி போட்டுக் கயிற்றில் மைலோ டின் ஒன்று தொங்கும். அதுதான் பணப்பெட்டி. இழுத்தால் வரும், விட்டால் மேலே போய்விடும்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் என்று ஞாபகம், 1971. அஞ்சடி, அதாவது கடை முன்னால் இருக்கும் நடைபாதை, முழுக்கத் தகரங்கள். என் உயரத்துக்குக் கூட்டம். ஒரு தகரம் அரைத்து முடித்து, ஆறவைத்து, ஆள் வாங்கிக்கொண்டு போயாயிற்று. சூடான மாவை அப்பா தகரத்தில் போட விடமாட்டார். வேர்த்துக் கட்டிவிடும் என்று காகிதத்தில் பரப்பி ஆறவைத்த பிறகுதான் கொடுப்பார். அடுத்த தகரத்தை ஒரு பாட்டியிடம் நீட்டும்போது அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே இரண்டு விரலை விட்டு மாவைக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். "இது இவங்க மல்லி இல்ல" என்றார். எனக்கு எல்லா மாவும் ஒரே நிறம், ஒரே வாசனை. அப்பாவுக்கு அந்தப் பாட்டி மல்லியை ஒரு நிறம் கூடுதலாக வறுப்பாள் என்று தெரியும். இந்த மாவில் அந்த வறுவல் இல்லை. தகரம் மாறிப் போய்விட்டது. நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். மில்லை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்வரை போய், தகரத்தை மாற்றிக்கொண்டு வந்தார். அவ்வளவு கூட்டமும் காத்திருந்தது. பாட்டி சைவம். மாறிப்போன தகரம் நெத்திலி போட்டு அரைக்கிற வீட்டுடையது. அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு தகரத்திலும் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்துச் சொல் என்று பழக்கினார். நான் கொஞ்சம் பழகினேன். பரீட்சை வந்தது, விட்டுவிட்டேன்.

அரவைக் கல்லைக் கொத்துவதையும் அவரே செய்வார். மாவு அரைக்கிற கல் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் அரைக்காது, சூடுதான் ஏறும். சூடு ஏறினால் மசாலையின் எண்ணெய் பறந்துவிடும், வாசனை போய்விடும். அதனால் கல்லைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு வரிவரியாக உளியால் கொத்துவார். உள்ளே ஆழமாக, வெளியே வர வர மேலாக. ஆழம் கொஞ்சம் கூடினால் மாவு நறநறவென்று வரும். அவர் அளவுகோல் வைத்து நான் பார்த்ததில்லை. தட்டுகிற சத்தத்தைக் கேட்டே நிறுத்துவார்.

2003இல் அப்பா போனார். உங்களைப் போலவே நானும் நினைவுமலர் போட்டேன். நாலு பக்கம் நானே எழுதினேன். அப்போதும் எனக்கு எழுதத் தெரியும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அந்த மலரும், பழைய துணியில் சுற்றிய அப்பாவின் உளியும் ஒன்றாகக் கையில் கிடைத்தன. உட்கார்ந்து வாசித்தேன். அயராத உழைப்பு, ஓயாத உழைப்பு, கடின உழைப்பு, உழைப்பால் உயர்ந்தவர். நாலு பக்கத்தில் 14 இடத்தில் உழைப்பு. கல் கொத்துவதைப் பற்றி ஒரு வரி இல்லை. மல்லி வறுவலை விரலில் கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த நாலு பக்கத்தை எடுத்து வேறு யாருடைய அப்பாவின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். வீட்டில் அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அந்த வருத்தம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

பத்திரிகைகளில் வரும் நம்முடைய கண்ணீர் அஞ்சலிகள் எல்லாவற்றிலும் இதே சொற்கள்தான். உழைப்பு, தியாகம். நம் அப்பாக்களை நாம் முதுகாகவும் கையாகவும் மட்டும் பார்த்தோம். மூட்டை தூக்கினார், அதிகாலையில் எழுந்தார், பட்டினி கிடந்தார் என்று எழுதுகிறோம். அவர்களுக்கு ஒரு தலை இருந்தது, அந்தத் தலைக்குள் ஒரு தொழில் இருந்தது என்பது நமக்குத் தோன்றவேயில்லை. உழைப்பை வணங்கிவிட்டால் அறிவைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? கேட்டிருந்தால் உட்கார்ந்து கற்றிருக்க வேண்டும். நாம் சான்றிதழ் வாங்கப் போய்விட்டோம். அதைத் தப்பென்று சொல்லவில்லை, அவர்களே அனுப்பியதுதான். ஆனால் திரும்பி வந்து அவர்களைப் படிக்காதவர் என்று எழுதக்கூடாது.

தியாகத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகாதே என்றதற்கு 84 வயதில் இரண்டு வாரம் பேசாமல் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தியாகம் செய்துகொண்டிருந்த மனிதர், அதை நிறுத்திக்கொள் என்றால் அப்பாடா என்று உட்காரமாட்டாரா? அவருக்கு அந்தக் கடை பிடித்திருந்தது தம்பி. பலகையைத் திறந்ததும் வருகிற பெருங்காயமும் சாக்கும் கலந்த வாசனை பிடித்திருந்தது. ஆளைப் பார்த்து எடை போடுவது பிடித்திருந்தது. உங்களைப் படிக்கவைத்தது அவருக்குப் பெருமைதான், ஆனால் அவர் வாழ்ந்தது உங்கள் கட்டணத்துக்காக மட்டும் இல்லை. அப்படி எழுதினால் அவருடைய 58 வருடத்தை உங்கள் பட்டத்துக்கு முன்கதையாக ஆக்கிவிடுவீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும், இன்று வேண்டாம்.

நீங்கள் கேட்டதை மறந்துவிடவில்லை. எரிக்காதீர்கள். அண்ணனிடமிருந்து பெட்டியை இன்றே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கறையான் பார்க்க வேண்டும், 555 நோட்டின் தாள் மட்டமான தாள். கடனை வசூலிக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று தெரியும். அந்த நோட்டுகளில் இருப்பவை கடன்காரர்களின் பெயர்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் அப்பாவின் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களின் பட்டியல் அது. எட்டு வயதில் அம்மாவோடு வந்து கல்கண்டு வாங்கித் தின்ற பிள்ளைக்கு இப்போது அறுபது வயது இருக்கும். தேடினால் பத்துப் பேராவது கிடைப்பார்கள். ஆளுக்கு ஒரு பத்தி கேளுங்கள். உழைப்பாளி என்று தொடங்கினால் நிறுத்திவிட்டு, அவர் கடையில் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

எல்லோருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். 31 வருடம் கூட நின்றவரை ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். எரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நீங்கள் கேட்கவேயில்லை. அவருக்கும் வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நினைவு நாள்வரை காத்திருக்காமல் இந்த மாதமே போங்கள். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாமிலேயே நிற்கும். பழம், பலகாரம் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். 61 நோட்டையும் சுமக்க வேண்டாம். 1970 நோட்டையும், எனக்குப் படமெடுத்து அனுப்பியதையும் மட்டும் எடுத்துப்போங்கள். பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் 'உவ' என்பதை எப்படி வாசிக்கிறார் என்று பாருங்கள். பிறகு, மிளகாய்ச் சாக்கு வந்து இறங்கினால் அப்பா எப்படிப் பார்த்து எடுப்பார் என்று கேளுங்கள். என் அப்பா நடுச்சாக்கில் கையை விட்டு ஒரு மிளகாயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். சத்தம் வராவிட்டால் அந்தச் சாக்கு வேண்டாம் என்பார். உங்கள் அப்பா என்ன செய்வார் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா